ரவுட்டரை மாற்றினால் கேமரா தெரியுமா?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டில் நான்கு கேமராக்களும், படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டி ஒன்றும் பொருத்தியிருக்கிறோம். அந்த வீட்டு வைஃபையில் இருக்கும்போது கைப்பேசியில் படம் வருகிறது. சென்னைக்குத் திரும்பிவிட்டால் வருவதில்லை. கேமரா பொருத்தியவர், “நெட்காரர் கொடுத்த பெட்டி மட்டமானது, நல்ல ரவுட்டர் வாங்குங்கள், போர்ட் திறந்து தருகிறேன்” என்றார். 4,800 ரூபாய்க்கு வாங்கினோம். திறந்தும் கொடுத்தார். ஆனாலும் படம் வரவில்லை. கடைக்காரர் ரவுட்டரைத் திரும்ப எடுக்க மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: ரவுட்டரின் மேல் பழி இல்லை. பழைய பெட்டியின் மேலும் பெரும்பாலும் இருந்திருக்காது.

உங்கள் டி.வி.ஆருக்கு ரவுட்டர் கொடுத்திருக்கும் முகவரி 192.168.1.10 என்பதுபோல் இருக்கும். இதே முகவரி அடுத்த தெருவிலும் இருக்கும், அமெரிக்காவிலும் இருக்கும். வீட்டுக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் இவை; வெளியுலகில் செல்லாது. உள்ளிருந்து ஒரு கருவி எதையாவது கேட்டால், ரவுட்டர் அந்தக் கோரிக்கையில் தன் வெளி முகவரியைப் போட்டு அனுப்புகிறது. கேட்டது எந்தக் கருவி என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டு, பதில் வந்ததும் அதற்கே பிரித்துக் கொடுக்கிறது. இதற்கு நாட் என்று பெயர். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒன்று வந்தால் அட்டவணையில் குறிப்பு இருக்காது; ரவுட்டர் அதை உதறிவிடும். ‘இந்த எண்ணில் வருவதெல்லாம் டி.வி.ஆருக்கு’ என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் கேமராக்காரர் சொன்ன போர்ட் திறப்பு.

போர்ட் திறக்கும் முறை சரிதான். ஆனால் ரவுட்டருக்கு உண்மையான வெளி முகவரி இருந்தால்தான் அதற்குப் பலன். பழைய முகவரி முறையான ஐ.பி.வி.4-இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. நம் ஆசிய-பசிபிக் பகுதிக்குப் பங்கிட்டுத் தரும் ஏப்னிக் அமைப்பு, அதே ஆண்டு ஏப்ரலில் அளந்து கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதனால் இன்று பல இணைய நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியின் பின்னால் ஏராளமான வீடுகளை உட்கார வைக்கின்றன. வீட்டு ரவுட்டர் செய்யும் அதே வேலையை நிறுவனத்தின் பெரிய கருவி இன்னொரு முறை செய்கிறது. அடுக்குமாடியில் உங்கள் வீட்டுக் கதவை விரியத் திறந்து வைத்தாலும் கீழே வெளிக்கேட் பூட்டியிருந்தால் விருந்தாளி எப்படி வருவார்? அந்தக் கேட்டின் சாவி நிறுவனத்திடம்தான் இருக்கிறது.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். அடுத்த முறை காரைக்குடி போகும்போது, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள முகவரியை உலாவியில் தட்டி, கடவுச்சொல் கொடுத்து உள்ளே போங்கள். நிலை காட்டும் பக்கத்தில் டபிள்யூ.ஏ.என். (WAN, அதாவது வெளி இணைப்பு) என்ற வரியில் ஓர் எண் இருக்கும். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம்: நிறுவனங்கள் இப்படிப் பங்கிடுவதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. 10 என்று தொடங்கினாலும் வெளி முகவரி அல்ல. 192.168 என்று இருந்தால், புதிய ரவுட்டர் நெட்காரரின் ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது என்று பொருள். அந்தப் பெட்டிக்குள்ளும் நுழைந்து இதே வரியைப் பாருங்கள். வேறு எண்ணாக இருந்தால், ‘என் ஐ.பி. என்ன’ என்று தேடினால் வரும் தளம் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களுக்கு வெளி முகவரி இருக்கிறது. பிழை போர்ட் அமைப்பில்தான்.

வெளி முகவரி இல்லையென்றால் இரண்டு வழிகள். டி.வி.ஆர். நிறுவனத்தின் செயலியில் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பதிவு செய்வது முதல் வழி. டி.வி.ஆரும் கைப்பேசியும் தாமாக வெளியே போய் அந்த நிறுவனத்தின் சர்வர் மூலம் சந்தித்துக்கொள்வதால் போர்ட் திறக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் கட்டணமும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக் காட்சிக்கு மூன்றாமவர் ஒருவர் இடையில் இருக்கிறார். இரண்டாவது, நெட்காரரிடம் நிலையான ஐ.பி., அதாவது உங்களுக்கென்றே மாறாத வெளி முகவரி, கேட்டு வாங்குவது. இது கூடுதல் கட்டணம். சொல்லும் தொகையில் 18% ஜி.எஸ்.டி. அடங்குமா என்று கேளுங்கள். இந்த வழியில் போனால், முதல் வேலையாக டி.வி.ஆரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் ஆலையில் வைத்த கடவுச்சொல் மாறாத கேமராக்களையும் டி.வி.ஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய இணையதளங்களையே முடக்கியது.

பணத்துக்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. உங்கள் ரவுட்டரில் குறை இல்லை என்பதால் கடைக்காரரிடம் அந்த வாதம் எடுபடாது. கூலி வாங்கிக்கொண்டு தவறான யோசனை சொன்ன கேமராக்காரரிடம் கேட்க நியாயம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: கோவையில் பெண்கள் விடுதி நடத்துகிறேன். தங்கியிருப்பவர்கள் 40 பேர். இரவு எட்டு மணிக்கு மேல் வருபவர்களின் கைப்பேசி ‘ஐ.பி. முகவரி பெறப்படுகிறது’ என்றே நிற்கிறது; முன்பே இணைந்தவர்களுக்கு நன்றாக வருகிறது. 300 எம்.பி. திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

பதில்: வேண்டாம். வேகம் போதாவிட்டால் எல்லோருக்கும் சேர்ந்தே இழுக்கும். முதலில் வந்தவருக்குக் கிடைத்து கடைசியில் வந்தவருக்கு இல்லையென்றால் முகவரி தீர்ந்திருக்கிறது.

ரவுட்டர் முகவரிகளைச் சொந்தமாகத் தருவதில்லை, தவணைக்குத் தருகிறது. பல பெட்டிகளில் தவணை 24 மணி நேரம். காலையில் இணைந்துவிட்டு வேலைக்குப் போனவரின் எண் இரவு வரை அவர் பெயரிலேயே கிடக்கும். அமைப்புகளில், முகவரி கொடுப்பதற்கான டி.எச்.சி.பி. பக்கத்தைத் திறந்து பாருங்கள். தொடக்கம் 100, முடிவு 149 என்று இருந்தால் மொத்தம் 50 எண்கள். 40 பேரும் ஆளுக்கொரு மடிக்கணினியும் வைத்திருந்தால் எங்கே போவது? முகவரி கிடைக்காத விண்டோஸ் மடிக்கணினி 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும்; அதைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம். வரிசையை 10 முதல் 250 வரை விரித்து, தவணையை இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள். ஐந்து நிமிட வேலை.

அதன் பிறகும் தடுமாறினால், வீட்டுக்கென்று செய்த பெட்டியின் வைஃபை 80 கருவிகளைத் தாங்கவில்லை என்று பொருள். அப்போது மாடிக்கு ஓர் ஆக்சஸ் பாயின்ட் (முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டி) வாங்குங்கள். ரவுட்டரையே வாங்கினால் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிய பிறகே இணையுங்கள். ஒரே வலையில் இரண்டு பெட்டிகள் முகவரி கொடுக்க ஆரம்பித்தால், இன்று எட்டு மணிக்கு வரும் புகார் நாள் முழுவதும் வரும்.

கேள்வி: ‘ஐ.பி.வி.6 ஆதரவு’ என்று அட்டையில் அச்சிட்ட ரவுட்டருக்கு 1,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். தரலாமா?

பதில்: அதற்காகத் தர வேண்டாம். இன்று விற்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. உங்கள் இணைய நிறுவனம் புதிய முகவரி முறையான ஐ.பி.வி.6-ஐத் தருகிறதா என்பதுதான் கேள்வி. தந்தால் ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளி முகவரி கிடைக்கும். கடையில் திருப்பிப் பார்க்க வேண்டியது கம்பி செருகும் போர்ட்டின் வேகத்தை. 10/100 என்று போட்டிருந்தால், 300 எம்.பி. திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் அந்தப் பெட்டி வழியாக 100-க்கு மேல் வராது.