சோலார் பேனல் குப்பை நிலக்கரியை விட மோசமா?

"25 வருஷம் கழித்து இத்தனை பேனலும் குப்பைதானே, இதற்கு அனல்மின் நிலையமே மேல் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குப்பை வரும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

400 வாட் பேனல் ஒன்றின் எடை சுமார் 22 கிலோ. நம் வெயிலுக்கு 25 ஆண்டில் ஏறத்தாழ 15,000 யூனிட் தரும். அதே மின்சாரத்துக்குச் சுமார் 10 டன் நிலக்கரி எரிய வேண்டும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆக மூன்று டன்னுக்கு மேல். அதில் ஆர்சனிக், பாதரசமும் உண்டு. எண்ணூரில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதற்காகப் பேனல் சுத்தத் தங்கம் என்று சொல்ல மாட்டேன். செல்களை இணைக்கும் பற்றவைப்பில் (சாலிடர்) ஈயம் இருக்கிறது. காயலான் கடைக்காரர் அலுமினிய ஃபிரேமையும் செம்புக் கம்பியையும் கழற்றிக்கொள்வார். எடையில் முக்கால் பங்கான கண்ணாடிதான் தலைவலி: சிலிக்கான் செல்லோடு பிளாஸ்டிக் பசையால் ஒட்டியிருப்பதால் பிரிப்பது கடினம், விற்றால் காசும் தேறாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளில் பேனலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் 2034-35 வரை தயாரிப்பாளர்கள் பேனல் கழிவைச் சேமித்து வைத்தாலே போதும்.