ஒரு சொல்லின் வால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பிறந்தநாளுக்கு நண்பர் ஒருவர் ஓர் அட்டை கொடுத்தார். அதற்குள் பிளாஸ்டிக் உறையில் ஜார்ஜ் வாஷிங்டன் கைப்பட எழுதிய கடிதத்திலிருந்து வெட்டிய துண்டு. நகத்தளவுகூட இல்லை. மூன்று எழுத்துகள்தான், முழுச்சொல்லும் இல்லை. பின்பக்கத்தில் 'இது அவருடைய கையெழுத்தே' என்று விற்ற நிறுவனத்தின் உறுதிமொழி, அவ்வளவுதான். பார்த்தால் சிலிர்க்கிறது. அடுத்த நிமிடமே ஏமாந்துவிட்டோமோ என்றும் தோன்றுகிறது. நிபுணர் யாரிடமாவது காட்டலாமா? இதற்கு மதிப்பு உண்டா?

கே.

அன்புள்ள கே.,

காட்டலாம். நேர்மையான நிபுணர் என்றால் கையை விரித்துவிடுவார். அவர்கள் எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. பேனா எங்கே எழும்புகிறது, எங்கே அழுந்துகிறது, வரி மேலே ஏறுகிறதா, கீழே சரிகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். போலி செய்பவர் எழுதுவதில்லை, வரைகிறார். வரைகிற கை எங்காவது தயங்கும். அந்தத் தயக்கத்தைப் பிடிக்க நாலு வரியாவது வேண்டும்.

ஒரே ஆளின் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்காது. 1909-இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் காந்தி 'இந்திய சுயராஜ்யம்' எழுதினார். வலது கை ஓய்ந்தபோது இடது கையால் தொடர்ந்தார். 275 பக்கங்களில் 40 பக்கம் அப்படி எழுதியவை. அதிலிருந்து மூன்று எழுத்தை வெட்டிக் கொடுத்தால் காந்தியின் எழுத்து என்று யார் சொல்வார்கள்?

சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாமே என்பீர்கள். வாஷிங்டன் காலத்து மை மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தது. காலம் போகப்போகக் கருமை மங்கிப் பழுப்பாகும், சில சமயம் தாளையே அரித்துவிடும். இதையெல்லாம் பார்க்கலாம்தான். ஆனால் மையும் தாளும் ஒன்றைப் பொய் என்று காட்டிக்கொடுக்குமே தவிர, இன்னார் எழுதியது என்று சொல்லாது. ஹிட்லர் எழுதியவை என்று 1983-இல் வெளிவந்த போலி 'ஹிட்லர் நாட்குறிப்புகள்' மாட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம், தாளில் இருந்த வெண்மையூட்டும் ரசாயனம். அது போருக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தது. இன்னும் கெட்டிக்காரர்கள் அந்தத் தப்பைச் செய்வதில்லை. 1790களில் ஷேக்ஸ்பியர் பெயரில் போலிகள் செய்த வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்ற இளைஞர், பழைய புத்தகங்களிலிருந்து வெற்றுத்தாள்களை வாங்கி எழுதினார். (அவர் முதலில் ஏமாற்றியது சொந்த அப்பாவை. மகனே ஒப்புக்கொண்ட பிறகும் அப்பா நம்பவில்லை. இவனுக்கு அவ்வளவு திறமை ஏது என்று நினைத்தார்!)

ஆக, உங்களிடம் இருப்பது ஒரு வாக்குறுதி. துண்டு சிறுக்கச் சிறுக்க நாம் கையெழுத்தை விட்டுவிட்டு விற்பவரின் சொல்லைத்தான் வாங்குகிறோம். எந்தக் கடிதம், யார் யார் கைமாறி வந்தது, யார் வெட்டியது? இந்த வழித்தடம் தெரிந்தால் துண்டு பேசும்.

வாஷிங்டனை வெட்டுவது புதிதும் அல்ல. 1789-இல் பதவியேற்புக்காகத் தயாரித்துப் பிறகு கைவிட்ட நீண்ட உரை ஒன்று அவர் கையெழுத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவருடைய எழுத்துகளைத் தொகுத்த ஜாரெட் ஸ்பார்க்ஸ் அதை முக்கியமில்லை என்று தீர்மானித்து, கையெழுத்து கேட்ட நண்பர்களுக்குத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்துவிட்டார். தொகுப்பாசிரியரே செய்த வேலை இது! பின்னால் வந்த ஆய்வாளர்கள் துண்டுகளைத் தேடிப்பிடித்து ஒட்டவைத்துப் பார்த்தார்கள். முழுசாகக் கூடவில்லை. ஆனாலும் அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அப்படிப் பொருத்திப் பார்க்கும் வசதி உங்கள் மூன்று எழுத்துக்கு இல்லை.

இதற்கு நேர்மாறான துண்டு ஒன்றும் உண்டு. 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் இசைமேதை மோட்சார்ட்டின் 'ரெக்வியம்' என்ற இரங்கல் இசைப்படைப்பின் கையெழுத்துப் பிரதியை வைத்திருந்தார்கள். யாரோ ஒரு பக்கத்தின் மூலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார். மோட்சார்ட் கடைசியாக எழுதிய சொற்கள் அவையாக இருக்கலாம் என்கிறார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. அது அசல் என்பதற்குச் சான்றிதழே வேண்டாம், கிழிந்த விளிம்பு போய்ப் பொருந்தும். ஆனால் திருடியவர் அதை யாரிடமும் காட்டமுடியாது. நீங்கள் எல்லோரிடமும் காட்டலாம், நிரூபிக்கத்தான் முடியாது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சந்தை பெருமையை அளப்பதில்லை, அரிதை அளக்கிறது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட 56 பேரில் பட்டன் க்வின்னெட்டை அங்கேயே பலருக்குத் தெரியாது. மறு ஆண்டு, 1777-இல், துப்பாக்கிச் சண்டையில் அடிபட்டு இறந்துபோனதால் அவர் கையொப்பம் கிடைப்பது அபூர்வம். 56 பேரையும் சேர்க்கத் துடிக்கிறவர்கள் அதற்குக் கொட்டிக்கொடுப்பார்கள். வாஷிங்டனோ வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருந்தவர்.

சிலிர்ப்பை நான் கேலி செய்யமாட்டேன், எனக்கும் வரும். உறையைப் பிரிக்காதீர்கள், வெளிச்சம் படாமல் வையுங்கள், அந்த மை வெளுக்கும். நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்: எந்தத் தேதியிட்ட கடிதம், வெட்டுவதற்கு முன் முழுத்தாளைப் படம் எடுத்தீர்களா என்று. படம் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். அந்த மூன்று எழுத்து எந்தச் சொல்லின் வால் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.

அன்புடன்