பலகை திருப்பி எறிந்தால் முதலில் செய்ய வேண்டியது

தம்பி, கோண்டாவில் பட்டறையில் வேப்பம் பலகையை நீளவாக்கில் அரியும்போது அது நெஞ்சை நோக்கிப் பாய்ந்தது என்றும், மேசை நடுவே வட்ட வாள் சுழலும் அந்தப் பழைய மேசை வாளுக்குக் காப்பு எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் பதறிவிட்டேன். காப்புச் செய்யும் வரை அதை ஓட்டாதீர்கள்.

அரிந்த பிளவு மூடிக்கொண்டு வாளை நெரிக்கிறது. மேலெழும் பின்புறப் பற்கள் பலகையைத் தூக்கி எறிகின்றன. சரியாக உலராத வேம்பு இன்னும் மோசம். ஆகவே வாளுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில், பிளவைத் திறந்து வைத்திருக்கும் தகடு ஒன்று நிற்க வேண்டும். வாளைச் சுற்றியுள்ள வாய்ப்பலகையைப் பிளைவுட்டில் புதிதாகச் செய்து, அதன் பின்பகுதியில் அந்தத் தகடாக முதிரை மரத் துண்டொன்றை இறுக்கமாகப் பொருத்தி ஒட்டுங்கள். வாள் 3 மில்லிமீற்றர் அகலத்துக்கு அரிந்தால், துண்டு அதைவிட ஒரு மயிரிழை மட்டும் மெல்லியதாக இருக்கட்டும். தடித்தால் பலகை சிக்கும்.

கைக்கு, 12 மில்லிமீற்றர் பிளைவுட்டில் ஒரு தள்ளுகட்டை வெட்டுங்கள். அதன் அடி பலகையை மேலிருந்து அழுத்த வேண்டும். பின்முனையிலுள்ள குதி தள்ள வேண்டும். வெறும் குச்சி போதாது. அளவு பார்க்கும்போதெல்லாம் மின்செருகியைக் கழற்றிவிடுங்கள்.

மரக்காலையில் முதிரைக் கழிவுத் துண்டுகள் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.