மம்மி இல்லாத முதல் கிறிஸ்துமஸ்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

நான் பாளையங்கோட்டையில் பிறந்து, பதினொரு ஆண்டுகளுக்கு முன் திருச்சி பொன்மலையில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். நாகப்பட்டினத்தில் இயங்கிய ரயில்வே பணிமனை 1928-இல் பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது என் கணவரின் கொள்ளுத்தாத்தா அதனுடன் இங்கே வந்தார். அன்று முதல் இந்த வீட்டில் கிறிஸ்துமஸ் மதியம் என்றால் வாத்து ரோஸ்ட்தான்.

அதைச் செய்து வந்தவர் நாங்கள் மம்மி என்று அழைத்த என் மாமியார். ரொட்டித்தூள், ஈரல், உருளைக்கிழங்கு, மிளகு ஆகியவற்றைப் பிசைந்து வாத்தின் வயிற்றில் அடைத்து, வெள்ளை நூலால் தைத்து, அடிகனமான பாத்திரத்தில் மணிக்கணக்கில் வேகவிடுவார். மேசையில் அதை அறுத்துப் பரிமாறுவது மாமனாரின் வேலை. முதல் துண்டு எப்போதும் மம்மியின் தட்டுக்குத்தான் போகும்.

மம்மி கடந்த ஆகஸ்டில் மாரடைப்பால் காலமானார். 74 வயதான டாடி, "இந்த வருஷம் நமக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஈஸ்டர் முடிந்ததும் உலர்திராட்சையையும் செர்ரியையும் முந்திரியையும் மம்மி ரம்மில் ஊறப்போட்டு வைத்த பீங்கான் ஜாடியை, ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போய்வந்த பிறகு திறந்து, மரக்கரண்டியால் ஒருமுறை கிளறி மூடி வைக்கிறார். பெர்த்திலிருந்து பிள்ளைகளுடன் 20-ஆம் தேதி வரவிருக்கும் நாத்தனார், எல்லாம் மம்மி இருந்தபோது நடந்தபடியே நடக்க வேண்டும் என்கிறார். என் கணவரோ எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டுவிடலாம் என்கிறார். ரோஸ்ட் செய்தால் மம்மியின் இடத்தைப் பிடித்துக்கொண்டவளாகிவிடுவேனோ என்றும், செய்யாவிட்டால் நான்கு தலைமுறை வழக்கம் என் கையில் முடிந்துபோகுமோ என்றும் தூக்கமில்லாமல் தவிக்கிறேன்.

இன்னொன்றை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மம்மி ஆண்டுதோறும் ஒவ்வொருவருக்கும் கைக்குட்டையில் பெயரின் முதல் எழுத்தைப் பூவேலை செய்து பரிசளிப்பார். பீரோவில் இந்த ஆண்டுக்கானவை கிடைத்தன. எல்லாம் முடிந்திருந்தன, டாடியுடையதில் மட்டும் எழுத்து பாதியில் நிற்கிறது, ஊசியும் அதிலேயே குத்தியிருக்கிறது. நான் அதைத் தைத்து முடித்துக் கொடுக்கலாமா, அல்லது மறைத்து வைப்பதே நல்லதா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் அந்த ஜாடி. கிறிஸ்துமஸே வேண்டாம் என்பவர் கேக்குக்கான பழங்களை வாரம் தவறாமல் கிளறிக்கொண்டிருக்கிறார். இதை முரண்பாடாகப் பார்க்காதீர்கள். துயரத்தில் இருப்பவர் இழப்புக்குள் மூழ்குவதும், பிறகு அதிலிருந்து விலகி அன்றாட வேலைகளுக்குத் திரும்புவதுமாக மாறி மாறி நகர்கிறார் என்று நெதர்லாந்து ஆய்வாளர்களான ஸ்ட்ரோபும் ஷுட்டும் 1999-இல் விளக்கினார்கள். அந்த ஊசலாட்டமே ஆறுதலுக்கான இயல்பான வழி என்பதுதான் அவர்கள் கருத்து. உங்கள் கணவரின் ஓட்டல் யோசனையும் நாத்தனாரின் பிடிவாதமும் அதே துயரத்தின் இரு பக்கங்கள்தாம். ஒருவர் அந்த மேசையைப் பார்க்க அஞ்சுகிறார், மற்றவர் அது மாறியிருப்பதைப் பார்க்க அஞ்சுகிறார். ஆகவே யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

டாடியிடம் "கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் சொல்வார், நான்கு மாதத் துயரில் இருக்கும் எவராலும் அவ்வளவு பெரிய கேள்விக்கு வேறு பதில் சொல்ல முடியாது. சிறிய கேள்வியாகக் கேளுங்கள். அவர் ஜாடியைத் திறக்கும்போது அருகில் நின்று, "டாடி, இந்தப் பழம் போதுமான அளவு ஊறிவிட்டதா?" என்று கேளுங்கள். வாத்துக்கு மம்மி எவ்வளவு மிளகு போடுவார், எத்தனை மணி நேரம் வேகவிடுவார் என்று கேளுங்கள். இத்தனை ஆண்டுகள் அந்தச் சமையலறையில் நடமாடியவருக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் சமைத்தால், மம்மியின் இடத்தை நீங்கள் பிடித்ததாக யாருக்கும் தோன்றாது. உங்கள் அச்சத்தையும் அவரிடமே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிறும் ஜாடி அங்கேதான் இருக்கும்.

கைக்குட்டையை நீங்கள் தைத்து முடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். மற்றொரு கை முடித்த எழுத்தில் மம்மியின் கடைசித் தையல் எது என்று பிறகு தேட வேண்டியிருக்கும். மறைக்கவும் வேண்டாம், ஓராண்டு கழித்துத் தற்செயலாக டாடியின் கண்ணில் பட்டால் அந்த வலி இன்னும் கூடுதலாக இருக்கும். கிறிஸ்துமஸ் காலையில் பிள்ளைகள் பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கும் ஆரவாரத்துக்கு நடுவிலும் கொடுத்துவிடாதீர்கள். நாத்தனார் வருவதற்கு முன்பே, டாடி தனியாக இருக்கும் நேரத்தில், ஊசியோடு அப்படியே கையில் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் உடனிருங்கள். மற்றவர்களுக்கான கைக்குட்டைகளை யார், எப்போது கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். இறந்தவரை மறந்தால்தான் வாழ முடியும் என்ற பழைய கருத்தை, 1996-இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் ஆகியோர் தொகுத்த ஆய்வுகள் மறுத்தன. உறவு வடிவம் மாறித் தொடர்வது இயல்பானது என்று அவை காட்டின. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடமும் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட அந்த முதல் துண்டுதான் அன்றைய கடினமான கணமாக இருக்கும். கத்தியைக் கையில் எடுத்த பிறகு டாடி திகைத்து நிற்கும் நிலை வராமல் இருக்க, அது யார் தட்டுக்குப் போக வேண்டும் என்பதை முந்தைய நாளே உங்கள் கணவர் தந்தையிடம் கேட்டுவிடட்டும். பேரப்பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுக்கலாம், மம்மியின் தட்டை வைத்து அதிலேயே இடலாம், அறுக்கும் பொறுப்பை மகனிடம் ஒப்படைக்கலாம். நடுவில் எழுந்து அறைக்குப் போக விரும்பினால் போகலாம், யாரும் பின்னால் வந்து அழைக்க மாட்டோம் என்பதையும் டாடியிடம் சொல்லி வையுங்கள். இந்த ஏற்பாட்டைத் தொலைபேசியில் நாத்தனாரிடம் இப்போதே தெரிவித்து, கேக் மாவு பிசையும் வேலையை அவருக்கு ஒதுக்கிவிடுங்கள். எல்லாம் முன்போலவே நடக்க வேண்டும் என்று கேட்பவருக்குக் கையில் ஒரு வேலை இருப்பது நல்லது.

டாடி அழுவதையும் பேசாமல் இருப்பதையும் நோய் என்று எண்ண வேண்டாம். நீடித்த துயரக் கோளாறு என்று மருத்துவர்கள் கூறுவதற்கே, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வரையறைப்படி, பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதங்கள் கடந்திருக்க வேண்டும். ஆனால் சாப்பாட்டையோ தூக்கத்தையோ அடியோடு விட்டுவிட்டாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று பேசினாலோ காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

பண்டிகை நெருங்கினால் வாத்து கிடைப்பது சிரமம், கேக் சுட்டுத் தரும் பேக்கரியிலும் வரிசை நீளும். ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமையே, அவர் மரக்கரண்டியைக் கையில் எடுக்கும்போது கேட்டுவிடுங்கள்.