கட்டிலுக்கு அடியில் ஏழு மூட்டை

கேள்வி: எனக்கு 54 வயது. நாலு வருடமாக வீட்டிலேயே ஒட்டுப்போர்வை தைக்கிறேன், அதாவது துண்டுத்துணிகளைச் சேர்த்த மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என்று மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை. தைக்கிறேன் என்பதைவிட ஆரம்பிக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். போன வாரம் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது எண்ணிப் பார்த்தேன், ஏழு மூட்டை. மூன்றில் மேல்துணி முழுதும் தைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஒன்று மூன்று அடுக்கும் சேர்த்துக் குண்டூசி குத்தியபடி ஒரு வருடமாகக் கிடக்கிறது. ஒன்றில் சதுரங்கள் பாதி வெட்டியாயிற்று. இன்னொன்று காகிதம் வைத்துத் தைக்கும் அறுகோணம், முப்பதோடு நின்றுவிட்டது. ஏழாவது, இறந்துபோன அம்மாவின் ஆறு சுங்குடிப் புடவைகள். கத்தரி வைக்க மனம் வரவில்லை. முழங்கால் வலி வேறு. ‘இதையெல்லாம் முடிக்காமல் இனி ஒரு துணி வாங்காதே’ என்கிறார் வீட்டுக்காரர். மகளுக்கு மாசியில் பிரசவம். எதையும் முடிக்கத் தெரியாதவள் ஆகிவிட்டேனோ என்று இருக்கிறது. நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஏழு மூட்டைதான் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை, போகிற போக்கில் எழுதிய அந்த ‘முழங்கால் வலி வேறு’ கண்ணில் பட்டது.

முடிக்கத் தெரியாதவர் மூன்று மேல்துணிகளை முழுதாகத் தைத்திருக்க மாட்டார். ஒரு மேல்துணி என்றால் சும்மாவா? வெட்டி, கால் அங்குலம் தையலுக்கு விட்டு, வரிசை வரிசையாகச் சேர்த்து, இஸ்திரி போட்டு, மூலைக்கு மூலை பொருத்தி... அதை மூன்று முறை முடித்திருக்கிறீர்கள். மூன்றும் ஒரே இடத்தில் நிற்கின்றன. அடுத்து என்ன வேலை என்று யோசியுங்கள். அடித்துணியைத் தரையில் விரித்து, நடு அடுக்கைப் போட்டு, மேல்துணியைப் பரப்பி, மூன்றும் நகராமல் கச்சாத் தையல், அதாவது பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல், போட வேண்டும். ஆறடிக்கு எட்டடி தரை வேண்டும். ஒன்றரை மணி நேரம் மண்டி போட வேண்டும். உங்கள் முழங்கால் அந்த வேலையை வேண்டாம் என்கிறது. மனசு அதைச் சோம்பல் என்று கணக்கு எழுதிவிட்டது.

ஆகவே இந்த வேலையைத் தரையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு மாற்றுங்கள். மேசையின் நடுவில் ஒரு தீக்குச்சியைப் பசைநாடாவால் ஒட்டுங்கள். துணி போட்ட பிறகும் விரலால் தடவினால் நடு எது என்று தெரியும். அடித்துணியை நான்காக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, அந்தக் குச்சி மேல் வருமாறு நல்ல பக்கம் கீழே இருக்க விரியுங்கள். நான்கு பக்கமும் சமமாகத் தொங்கட்டும். மேசை விளிம்பில் துணி கிளிப்பால் பிடித்துவிடுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், முறுக்கி இழுக்க வேண்டாம். அதன்மேல் நடு அடுக்கு, அதன்மேல் மேல்துணி, இரண்டையும் அதே போல நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவி விரியுங்கள். மேசை மேல் இருக்கும் பகுதிக்கு மட்டும் நான்கு விரல் இடைவெளியில் பெரிய பெரிய கச்சாத் தையல். பிறகு கிளிப்பைக் கழற்றி, போர்வையை ஒரு பக்கம் நகர்த்தி, அடித்துணியை மறுபடி கிளிப் போட்டு அடுத்த பகுதி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடியும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை, சாப்பிடும் நேரத்துக்குச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம்.

குண்டூசி வேண்டாம், நூல்தான் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். உங்களைப் போலவே எனக்கும் உப்புக் காற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்கள் ஓட்டு வீடு ஒழுகியது. அலமாரிக்குக் கீழே இருந்த துணியெல்லாம் நனைந்தது. மின்சாரம் வர நாள் ஆனது. அந்த நனைந்த குவியலில் நான் முடித்த ஒரு ஒட்டுப்போர்வை இருந்தது, குண்டூசி குத்தி வைத்த இன்னொன்றும் இருந்தது. முடித்ததை அலசிப் பிழிந்து வெயிலில் போட்டேன், பழையபடி ஆகிவிட்டது. இன்றும் என் கட்டிலில் இருக்கிறது. முடிக்காததை என்னால் துவைக்க முடியவில்லை. வெட்டிய ஓரம் எல்லாம் பிசிறு விட்டு அவிழ்ந்துவிடும் என்ற பயம். துவைக்காமல் உலர வைத்ததில் பூசணம் பிடித்தது. ஊசி இருந்த இடமெல்லாம் துருக்கறை. வெள்ளையில் நீலப்பூ போட்ட துணி அது. என் அப்பா வேலை பார்த்த ரோடியர் மில்லில், அதாவது 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில்லில், துண்டுத்துணியாக வாங்கி வந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஒட்டுப்போர்வையை ஏன் முடிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான்: முடித்ததைத் துவைக்கலாம், முடிக்காததைத் துவைக்க முடியாது.

அதனால் ஏழில் முதலில் திறக்க வேண்டியது, ஒரு வருடமாகக் குண்டூசியோடு இருக்கும் மூட்டை. இன்றைக்கே. ஊசிகளை எடுத்துவிட்டுக் கச்சாத் தையல் போடுங்கள். துருப்பட்டிருந்தால் வெள்ளைத் துணியில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து அலசினால் பெரும்பாலும் மங்கும். வண்ணத் துணியில் இதைச் செய்தால் சாயமும் சேர்ந்து போகலாம், ஒரு மூலையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இந்தப் போர்வையைத்தான் முதலில் முடிக்கவும் வேண்டும். உங்களுக்கு மிகவும் பிடித்தது இதுவாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் மூன்று அடுக்கும் சேர்ந்துவிட்டது, கரைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இதுதான். ஒன்று முடிந்து கட்டில் மேல் விரித்தால் வீட்டில் பேச்சே மாறிவிடும்.

எப்படி முடிப்பது? கையால் ஓட்டுத் தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் நேர்த்தையல், போட்டால் அழகு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் உள்ள போர்வையில் மூன்று அங்குலத்துக்கு ஒரு வரிசை என்றால் 20 வரிசை. மொத்தம் 1,800 அங்குலம், சுமார் 46 மீட்டர் தையல். நாளுக்கு ஒரு வரிசை என்று வைத்தால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும், ஒரே மூச்சில் போட நினைத்தால் மூன்று வருடம் ஆகும். தைப்பதை நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள், இல்லையென்றால் நடுவில் துணி புடைத்துக்கொள்ளும். நூல் முடிச்சை லேசாகச் சுண்டி நடு அடுக்குக்குள் இழுத்துவிட்டால் வெளியே தெரியாது.

அதற்கும் பொறுமை இல்லையா? முடிச்சுப் போட்டுவிடுங்கள். ஐந்து அங்குலத்துக்கு ஒன்றாகத் தடித்த பருத்தி நூலை மூன்று அடுக்கிலும் இறக்கி ஏற்றி இரட்டை முடிச்சு. இதே அளவுக்கு ஏறத்தாழ 216 முடிச்சு வரும். மூன்று சாயங்காலம் போதும். குளிர் நாடுகளிலும் ஏராளமான போர்வைகள் இப்படித்தான் முடிக்கப்பட்டிருக்கின்றன, இதில் குறைவு ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று: நடுவில் இலவம்பஞ்சை உதிரியாக வைத்திருந்தால் இவ்வளவு தள்ளித் தள்ளி முடிச்சுப் போடக் கூடாது, துவைத்தால் பஞ்சு உருண்டு மூலைக்குப் போய்விடும். மற்ற மூன்றுக்கும் நடுவில் பழைய பருத்திப் போர்வையோ பெட்ஷீட்டோ வையுங்கள். கடலூர் வெயிலுக்கு அந்தக் கனமே அதிகம். கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் ஷீட்டை வைத்தால் மார்கழி தவிர மற்ற மாதங்களில் யாரும் போர்த்திக்கொள்ள மாட்டார்கள்.

அடித்துணிக்கு அலைய வேண்டாம். இரண்டு மீட்டர் கைலி இரண்டை, மூட்டாமல் வாங்கி, நீளப் பக்கத்தில் சேர்த்து அடித்தால் போதும், 60-க்கு 90 போர்வைக்கு மிஞ்சும். குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலி உங்களுக்குப் பக்கத்தில்தானே. முதலில் நனைத்து அலசி உலர்த்திவிடுங்கள், சுருங்குவது எல்லாம் அப்போதே சுருங்கட்டும். அடித்துணியை நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக விட்டால், அதையே இரண்டு மடிப்பாக முன்பக்கம் மடித்து எம்மிங் செய்துவிடலாம். ஓரப்பட்டி தனியாக வெட்டும் வேலை மிச்சம். சுற்றளவு 300 அங்குலம், அதாவது 25 அடி. நிறைய பேர் கடைசியில் கைவிடுவது இந்த இடத்தில்தான். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியால் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் பழைய துணியில் ‘கவந்தி’ என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். அவர்கள் ஆரம்பிப்பதே ஓரத்தில்தான். விளிம்பை உள்ளே மடித்தபடி ஒட்டுத்துணி வைத்து, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிக்கிறார்கள். கடைசியில் ஓரம் என்று ஒரு வேலையே கிடையாது. அந்த முறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பாதி வெட்டிய சதுரங்கள் எத்தனை அங்குலம் என்று நீங்கள் எழுதவில்லை. பதினொரு அங்குலம் என்றால், அகலத்துக்கு 6, நீளத்துக்கு 9, மொத்தம் 54 போதும். எண்ணிப் பாருங்கள், ஒருவேளை வெட்டி முடித்தே இருப்பீர்கள். இதைக் கட்டம் கட்டமாகவே தையுங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் தனித்தனியாக நடுத்துணி, அடித்துணி வைத்து, குறுக்காக இரண்டு தையல். அப்புறம் இரண்டு கட்டங்களின் பின்பக்கங்களைச் சேர்த்து வைத்து அரை அங்குலம் விட்டு அடிக்க வேண்டும். தையல் ஓரம் முன்பக்கம் நிற்கும். அதைத் தையல் அறுபடாமல் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டிவிட்டால், துவைக்கத் துவைக்கப் பூப்போலப் பிரியும். மேசையும் வேண்டாம், தரையும் வேண்டாம், சாதாரண உஷா மிஷினில் மடியில் வைத்தே தைக்கலாம்.

அறுகோணத்தை மூட்டையிலிருந்து எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போடுங்கள். அது முடிப்பதற்கான வேலை இல்லை, திண்ணையில் பேசிக்கொண்டே செய்வதற்கானது. முப்பதோடு நிறுத்தி ஒரு தலையணை உறை ஆக்கினாலும் சரி. மூன்று மேல்துணிகளில் ஒன்று இப்போது பிடிக்காமல் போயிருந்தால், தைக்கத் தெரிந்த யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஏழையும் முடித்தே ஆக வேண்டும் என்று யாரும் உங்களிடம் கடன் பத்திரம் எழுதி வாங்கவில்லை. வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அடித்துணிக் கைலியும் நூலும் தவிர வேறு ஒன்றும் இப்போது வாங்க வேண்டாம். அவரிடம் ஒரு உதவி கேளுங்கள். மேசையில் போர்வையை நகர்த்த எதிர்ப்பக்கம் ஒருவர் வேண்டும்.

இனி அம்மாவின் புடவைகள். கத்தரி வைக்க மனம் வரவில்லை என்றால் வைக்காதீர்கள். வங்காளத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காந்தா என்னும் போர்வை தைத்தது நைந்த புடவைகளை அடுக்கி வைத்துத்தான். பழைய புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத் தையல் போடுவார்கள். நம் வீடுகளிலும் பிள்ளை பிறந்தால் பழம்புடவையைத்தான் மடித்து விரிக்கிறோம். ஐந்தரை மீட்டர் புடவையை விசிறி மடிப்பாக ஐந்தாக மடித்தால் 1.1 மீட்டருக்கு 1.1 மீட்டர், ஏறத்தாழச் சதுரம், ஐந்து அடுக்கு. இரண்டு பக்கம் மடிப்பு, இரண்டு பக்கம் கரை. முந்தானை மேலே தெரியும்படி வையுங்கள். நடுவே பஞ்சும் வேண்டாம், ஒட்டும் வேண்டாம். நைந்த பருத்தியில் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். இரண்டு விரல் இடைவெளியில் வரிசை போட்டால் 28, 30 வரிசை வரும். நாளுக்கு ஒன்று என்றால் ஒரு மாதம், மாசிக்குள் தாராளமாக முடியும். ஆறில் ஒரே ஒரு புடவைதான் இதற்குப் போகிறது, மீதி ஐந்தும் அம்மா மடித்து வைத்தபடியே இருக்கட்டும்.

சுங்குடிச் சிவப்பு சில சமயம் சாயம் விடும். தைக்கும் முன் ஈர வெள்ளைத்துணியை அழுத்திப் பாருங்கள். ஒட்டினால் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். தெளியவே இல்லை என்றால் அந்தப் புடவை வேண்டாம், இன்னொன்றை எடுங்கள். பேரக்குழந்தை விழித்திருக்கும்போது தரையில் விரித்துப் படுக்க வைக்க இது போதும். தூங்கும்போது மேலே போர்த்த வேண்டாம். ஒரு வயது வரை தூங்கும் குழந்தை பக்கத்தில் போர்வையோ தலையணையோ கூடாது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காமல் எடுத்து, இறுக்க மூடும் டப்பாவில் போட்டுவிடுங்கள். மழைக்காலக் கடற்காற்றில் ஒரு வாரம் போதும் அது கறை வைக்க.