பழைய கட்டடத்தைச் சீரமைப்பதற்கு முன் தனியாகப் பரிசோதனை செய்யத்தான் வேண்டுமா?

கொத்தனாரே சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறாரே, பரிசோதனைக்கென்று தனியாக ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நூறாண்டு கடந்த ஒரு கட்டடம் என் பொறுப்பில் வந்து சேர்ந்தபோது எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது. நான் பொறியியல் படித்ததில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்: செலவழியுங்கள். ஆனால் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பார்த்துக் கொடுங்கள்.

நான் முதலில் அழைத்தவர் இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டார். சுவரில் வைத்து அழுத்தினால் துள்ளித் திரும்பி ஓர் எண்ணைக் காட்டும் சுத்தியல் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அது கான்கிரீட்டின் வலிமையைக் கணிப்பதற்கான கருவி. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவரில் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்க எனக்கு அன்று தெரியவில்லை. சுவரின் அடிப்பகுதி இடுப்பளவுக்கு ஈரமாக இருந்தது. தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, பூச்சை உரித்துவிட்டு நீர் புகாத சிமென்ட் பூச வேண்டும் என்றார். அந்தப் பூச்சு வேலையைச் செய்வதும் அவருடைய நிறுவனமேதான். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக வந்தவர் பழைய கட்டடங்களை மட்டுமே பார்ப்பவர். நல்ல மழை நாளாகப் பார்த்து வந்தார். உள்ளே நுழையவே இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தார். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் ஒரு மூட்டில் விட்டுப்போய், ஒழுகுவது முழுவதும் சுவரில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு, பல காலமாகத் தளத்தின் மேல் தளம் போட்டு, வெளித்தரை உள்தரையைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டிருந்தது. ஈரத்துக்குக் காரணம் இந்த இரண்டும்தான். சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் மேலே ஏறியிருக்கும்.

சிமென்டின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் இன்று நாம் சிமென்ட் என்று சொல்லும் போர்ட்லாந்து சிமென்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824இல்தான். அதற்கு முந்தைய சுவர்களிலும், அதற்குப் பின்னும் வெகு காலம் கட்டப்பட்ட பல சுவர்களிலும் இருப்பது சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். சுவரில் கரைந்திருக்கும் உப்பும் அதன் வழியாகவே வெளியேறிப் பூக்கும். சாந்து உதிர்ந்தால் புதிதாக வைத்துக்கொள்ளலாம். அந்த வழியைச் சிமென்ட் அடைத்துவிட்டால் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, செங்கல்லின் முகத்தையே உதிர்த்துவிடும். உதிர்ந்த செங்கல்லுக்கு மாற்று ஏது? ஈரம் பார்க்கும் மின்கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அது அளப்பது மின்கடத்தலை. உப்பேறிய சுவர் காய்ந்திருந்தாலும் அது நனைந்த சுவர் என்று காட்டக்கூடும். சுவரைத் துளைத்துத் தூள் எடுத்து, கால்சியம் கார்பைடுடன் கலந்து, எழும் வாயுவின் அழுத்தத்தை அளக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு இந்தக் குழப்பம் இல்லை.

அடுத்தது விரிசல். விரிசலைப் பார்த்ததும் எல்லோருக்கும் வயிறு கலங்கும். கேட்க வேண்டியது அதன் அகலத்தை அல்ல, அது இன்னும் நகர்கிறதா என்பதைத்தான். என்றோ அஸ்திவாரம் அமிழ்ந்தபோது விழுந்து, அத்தோடு அடங்கிப்போன விரிசல்கள் ஏராளம். விரிசலின் உள்ளே தூசியும் பழைய வண்ணமும் படிந்திருந்தால் அது கிழடு. விளிம்பு கூர்மையாகவும் சுத்தமாகவும் இருந்தால் புதிது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால், விரிசலின் இரு பக்கமும் பிடித்தாற்போல மில்லிமீட்டர் கோடு போட்ட அளவுத் தகட்டை ஒட்டி, தேதி எழுதி, மாதாமாதம் குறிக்க வேண்டும். அதுவும் ஓராண்டாவது. மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அதோடு சேர்ந்து சுவரும் அசையும். மூன்று மாதம் மட்டும் அளந்தால் இந்தப் பருவ அசைவைப் பார்த்து அபாயம் என்று அலறுவோம், அல்லது அபாயத்தைப் பருவ அசைவு என்று விட்டுவிடுவோம்.

1902 ஜூலையில் வெனிஸ் நகரின் புனித மாற்கு மணிக்கோபுரத்தில் பெரிய விரிசல் கண்டபோது, அதில் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து வைத்தார்கள். அடுத்தடுத்து அவை உடைந்தன. சதுக்கத்திலிருந்து மக்களை விலக்கினார்கள். 14ஆம் தேதி கோபுரம் மொத்தமாகச் சரிந்தது. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. 1989 மார்ச் 17இல் இத்தாலியின் பாவியா நகரக் கோபுரம் திடுமென இடிந்தபோது நான்கு பேர் இறந்தார்கள். அதன் சுவர் வெளியே பார்க்கச் செங்கல். அந்தத் தோலுக்கு நடுவே கல்லும் சாந்தும் கொட்டி நிரப்பிய உட்பகுதி. பல நூற்றாண்டுப் பாரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டிருந்தது. உங்கள் சுவர் தடிமனாக இருந்தால், உள்ளே நிரப்பியிருப்பது என்ன, வெளித்தோல் அதோடு ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். சிறு துளையில் கேமரா விட்டே பார்த்துவிடலாம்.

மரத்தைப் பொறுத்தவரை உத்தரத்தின் நடுவில் தட்டிப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. அது சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுக்கும். காற்று படாமல் ஈரச் சுவரில் புதைந்து கிடப்பது அதுதானே. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குப் பெரும்பாலும் இடமில்லை. மெல்லிய ஊசித் துளையிடும் கருவி ஒன்று, ஊசி இறங்கும்போது மரம் காட்டும் எதிர்ப்பை வரைபடமாகவே தந்துவிடும். எங்கள் கட்டடத்தில் எட்டு உத்தரங்களில் இரண்டுக்கு மட்டும் முனை போயிருந்தது. எட்டையும் மாற்றிவிடலாம் என்பதுதான் முதல் யோசனையாக இருந்தது. அந்தப் பரிசோதனைக் கூலியை எத்தனை முறை வாழ்த்தினேனோ தெரியாது.

பழைய வண்ணத்தைச் சுரண்டுவதற்கு முன் அதில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சாந்தில் ஒரு துண்டை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும்; புதுச் சாந்துக்கு அதே நிறம், அதே பருமனில் மணல் தேடலாம். கட்டடத்தின் பழைய படங்கள், வரைபடங்கள், பழுதுபார்த்த கணக்குகள் எது கிடைத்தாலும் பரிசோதிக்க வருபவர் கையில் கொடுங்கள். சீரமைப்புக்கு முன்னும் பின்னும் கட்டடத்தின் வரலாற்றை ஆராய வேண்டும், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் என்ற பன்னாட்டுப் பாதுகாப்பு ஆவணம் சொல்வது நினைவுச் சின்னங்களுக்குத்தான். ஆனாலும் நம் கட்டடத்தில் அடைத்த ஜன்னல் ஒன்று எப்போது அடைபட்டது என்று தெரியாமல் அதைத் திறப்பதும் வம்புதான். மேலே உள்ள பாரம் இப்போது அந்த அடைப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும், உடனே செய்ய வேண்டியது, ஓரிரு ஆண்டில் செய்யலாம் என்பது, சும்மா கவனித்தால் போதும் என்பது என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். எந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் முதல் அறிக்கையில் அப்படி ஒரு வரிகூட இல்லை. கூரைக்கு அடியில் அவர் ஏறவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வடக்குச் சுவர் விரிசலில் பதினான்கு மாதம் தகடு ஒட்டியிருந்தோம். அரை மில்லிமீட்டர் விரிந்து, பழைய கோட்டுக்கே திரும்பி வந்தது. முதலில் வந்தவர் இரும்புக் கம்பி வைத்துத் தைக்கச் சொன்ன விரிசல் அது. சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்தோம். ஒரு பிற்பகலில் முடிந்தது.