உரத்தை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: சென்னையில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மிராக்கிள் ஃப்ரூட் (புளிப்பை இனிப்பாகக் காட்டும் பழம்) கன்று வாங்கித் தொட்டியில் வைத்தேன். ஆறே மாதத்தில் காய்க்கும் என்றார்கள். இன்னும் ஒரு பூகூட இல்லை. இலை நுனிகள் கருகுகின்றன. கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. முட்டை ஓட்டுத் தூள், சாம்பல், நுண்ணூட்டக் கலவை எல்லாம் போட்டுவிட்டேன். ஆர்.ஓ. கழிவுநீரையும் வீணாக்காமல் இதற்கே ஊற்றுகிறேன். வேறு என்ன உரம் போடலாம்?

பதில்: எதுவும் போடாதீர்கள் அம்மா. செடி பசியில் வாடவில்லை, உப்பில் வாடுகிறது. தொட்டியின் விளிம்பை விரலால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகப் பொருக்கு உதிரும். வேரைச் சுற்றியும் அதே உப்புதான்.

இது மேற்கு ஆப்பிரிக்கச் செடி. சப்போட்டா, இலுப்பைக் குடும்பம். ஆனால் சப்போட்டா தாங்குகிற உப்பை இது தாங்காது. மண்ணின் கார அமில நிலை (பி.எச்.) 4.5 முதல் 5.8க்குள் இருந்தால்தான் இதற்குச் சுகம். முட்டை ஓடு சுண்ணாம்பு, சாம்பல் காரம். இரண்டும் அந்த அளவை ஏற்றிவிடும். ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து வெளிறுவது அதனால்தான்.

ஆர்.ஓ. கழிவுநீர் என்பது நல்ல தண்ணீரைப் பிரித்தபின் மிஞ்சும் உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். சிக்கனம் என்று நினைத்து எத்தனையோ பேர் அதைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதைக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள், குடிக்கிற தண்ணீரில் ஒரு லிட்டரைச் செடிக்குக் கொடுங்கள். மழைநீர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு தொட்டிக்கு நாளைக்கு ஒரு லிட்டர் என்றாலும் 200 லிட்டர் டிரம் ஆறு மாதத்துக்கு மேல் வரும். ஐப்பசி மழையில் டிரம்மை மொட்டை மாடி மழைநீர்க் குழாயடியில் வைத்துவிட்டால் கோடை வரை கவலையில்லை. போர் தண்ணீர்தான் கதி என்றால், கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பி.எச். தாளில் 5.5 காட்டும்போது நிறுத்துங்கள். அதில் புளிப்புதான் மாறும், உப்பு போகாது. எப்போதாவது மட்டும் செய்யுங்கள்.

இப்போதைக்குத் தொட்டி கொள்ளும் அளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வடியவிடுங்கள். மண்ணை மாற்றுவதானால் இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மட்கிய இலை, ஒரு பங்கு மணல் போதும். நார்க்கழிவிலும் உப்பு உண்டு, இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் போடுங்கள். வெயில் அரை நாள் போதும்.

காய்ப்பைப் பற்றி ஒன்று. விதைக் கன்று காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். ஆறு மாதம் என்று சொல்லி விற்றவர் உங்களை ஏமாற்றியிருக்கிறார். இதையே சர்க்கரை நோய்க்கு மருந்து என்றும் சிலர் விற்கிறார்கள், நம்ப வேண்டாம். பழத்திலுள்ள மிராகுலின் என்ற புரதம் நாக்கில் ஒட்டிக்கொண்டு புளிப்பை இனிப்பாகக் காட்டும். அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை இருக்கும், அவ்வளவுதான். ரத்தச் சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கருகிய இலைகள் மறுபடி பச்சையாகாது, அதற்காகப் பறித்துப் போட வேண்டாம். அடுத்து வரும் கொழுந்தைப் பாருங்கள். அது பச்சையாக வந்தால் வேர் தேறிவிட்டது என்று அர்த்தம்.